கேல்: வீடுகளே காப்பகமான ஊர்

கேல் என்பது பெல்ஜியம் நாட்டின் வடபகுதியில், ஆன்ட்வெர்ப் மாகாணத்தில், கெம்பன் என்னும் மணற்பாங்கான சமவெளியில் அமைந்த சிறு நகரம் ஆகும். அவ்வூர் மக்கள் இதன் பெயரைத் தொண்டையிலிருந்து 'ஹேல்' என்பதுபோல் ஒலிப்பார்கள். இன்று இங்கு ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள். மனநோய் உள்ளவர்களையும் அறிவுசார் குறைபாடு உடையவர்களையும் ஊர்க் குடும்பங்கள் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது.

வளர்ப்புக் குடும்பம் என்றதும் நமக்குப் பெற்றோரை இழந்த குழந்தைகள்தாம் நினைவுக்கு வருவார்கள். நாற்பது வயது மனிதர் ஒருவரை, இரத்த உறவு எதுவும் இல்லாத ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டு அவர் சாகும்வரை சோறுபோட்டு வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமில்லாத செய்தி. மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுப் பராமரிப்பைப் பற்றி உலகில் எங்கே பேச்சு எழுந்தாலும் அது கேலைத் தொட்டுத்தான் செல்லும். அப்படிப் பேசுவோரில் பலர் "கருணையின் ஊர்" என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கருணை அங்கே இருந்தது, ஐயமில்லை. ஆனால் அந்தக் கருணைக்குக் கணக்குப் புத்தகமும், உழவுக் காடும், கண்காணிக்கும் ஓர் அதிகாரமும் துணை நின்றன. இவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த வழக்கம் எப்படி இவ்வளவு காலம் நின்றது என்பதும் புரியாது, இன்று ஏன் சுருங்கிவருகிறது என்பதும் புரியாது.

அயர்லாந்து இளவரசி

தொடக்கம் ஒரு தொன்மக் கதை. ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் சிற்றரசன் ஒருவனுடைய மகள் டிம்ப்னா. அவளுடைய தாய் இறந்துபோக, துயரத்தால் அறிவு பேதலித்த தந்தை, தாயின் சாயலைக் கொண்டிருந்த மகளையே மணக்க விரும்பினான். அவள் கெரெபெர்னுஸ் என்ற முதிய குருவோடு கடல் கடந்து கேலுக்குத் தப்பி வந்தாள். வழியில் சத்திரங்களில் அவர்கள் கொடுத்த அயல்நாட்டு நாணயங்களைத் தடம் பிடித்து வந்த தந்தை அவர்களைக் கண்டுபிடித்துவிட்டான். குருவைக் கொன்றார்கள். மகள் இணங்க மறுத்ததால் தந்தையே அவள் தலையை வெட்டினான். பித்துப் பிடித்த ஒருவனின் கையால் இறந்தவள் என்பதால், பித்துப் பிடித்தவர்களுக்கு அவளே காவலானாள்.

இக்கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கம்ப்ரே மறைமாவட்டத்தைச் சேர்ந்த பேதுரு என்னும் குரு இலத்தீனில் எழுதிவைத்தார். அதற்கு முன்பே மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்ததைத்தான் அவர் எழுதினார். கதை உண்மையில் நடந்ததா என்பது வேறு விவாதம். டிம்ப்னாவின் திருப்பண்டங்களை நாடி, சித்தம் கலங்கியவர்களை உறவினர்கள் கேலுக்கு அழைத்து வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. 1349-இல் புனித டிம்ப்னாவுக்கு ஒரு பெரிய ஆலயம் எழுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது.

ஆலயத்தை ஒட்டி ஒரு நோயாளர் இல்லம் கட்டப்பட்டது. வந்தவர்கள் அங்கே ஒன்பது நாள் தங்கி நவநாள் செபம் செய்யவேண்டும். வெறுங்காலோடு ஆலயத்தைச் சுற்றிவரவேண்டும். புனிதையின் திருப்பண்டங்களைத் தாங்கிய மேடைக்கு அடியில் குனிந்து தவழ்ந்து செல்லவேண்டும். நோயாளியால் முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக வேறொருவர் செய்யலாம். நோயாளியின் எடைக்கு எடை தானியம் காணிக்கையாகக் கேட்கும் வழக்கமும் இருந்தது. நம் கோயில்களின் துலாபாரத்தை அறிந்தவர்களுக்கு இதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

ஒன்பது நாளில் எல்லாருக்கும் குணமாகிவிடவில்லை. இன்னொரு நவநாளுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. கூட்டம் பெருகி நோயாளர் இல்லத்தில் இடமில்லாமல் போனதும் உண்டு. ஆலயக் குருக்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் இவர்களைத் தங்கவைக்கும்படி ஊராரைக் கேட்டுக்கொண்டார்கள். சில உறவினர்கள், நோயாளியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, அவருடைய செலவுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் போன்ற நகரங்களும் தங்கள் பொறுப்பில் இருந்த ஏழை மனநோயாளிகளுக்குப் பணம் கட்டி இங்கே அனுப்பின. இப்படித்தான் புனிதப்பயணி மெல்ல மெல்ல வீட்டில் ஒருவரானார். இதை யாரும் திட்டமிடவில்லை. இடமில்லாக் குறைக்கு ஊர் கண்ட தற்காலிக ஏற்பாடு, தலைமுறை தலைமுறையாக நீடித்துவிட்டது.

இவர்களை அவ்வூர் மொழியில் 'கோஸ்ட்ஹாங்கர்' என்பார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பணம் செலுத்தி ஒரு வீட்டில் இருப்பவர் என்பது இதன் பொருள். நோயாளி, பைத்தியம், அனாதை என்ற எந்தச் சாயலும் இல்லாத சொல் இது. ஒரு சமூகம் ஒருவரை எப்படி நடத்துகிறது என்பதை, அவரை அது எந்தச் சொல்லால் அழைக்கிறது என்பதிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஏர்வாடியை எண்ணாமல் இருக்க முடியாது

தமிழ்நாட்டு வாசகருக்கு இவ்விடத்தில் குணசீலமும் ஏர்வாடியும் நினைவுக்கு வரும். திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கினால் சித்தம் தெளியும் என்பது நம்பிக்கை. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி தர்காவுக்கும் எல்லா மதத்தினரும் இதே நம்பிக்கையோடு வருகிறார்கள். கேலின் தொடக்கமும் ஏறக்குறைய இதுதான்: புனித இடம், குறித்த நாட்கள், குணமாகாதவர்கள், காத்திருக்க ஓர் இடம்.

ஏர்வாடியில் அந்தக் காத்திருப்பு, தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களாக மாறியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை அத்தகைய ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

கேல் மக்கள் ஏர்வாடி மக்களைவிட நல்லவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. கேலிலும் விலங்குகள் இருந்தன. ஓடிப்போகக்கூடியவர் என்றோ தாக்கக்கூடியவர் என்றோ கருதப்பட்டவர்களின் காலில் இரும்பு வளையம் மாட்டினார்கள். இரண்டு ஊர்களையும் பிரித்தது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கேலில் ஒரு வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர்தான் தங்கினார்கள். குடும்பம் சாப்பிடும் மேசையில் அவர்களும் சாப்பிட்டார்கள். அந்த வீட்டைப் பக்கத்து வீடு பார்த்துக்கொண்டிருந்தது, இரண்டு வீடுகளையும் முதலில் ஆலயமும் பிறகு ஊராட்சியும் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது பேரை ஒரு கொட்டகையில் வைத்தால் இந்தப் பார்வைகள் எல்லாம் அற்றுப்போகின்றன.

மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் அந்தப் பகுதியைக் கைப்பற்றின. ஆலயங்கள் மூடப்பட்டன. கேலின் வழக்கத்துக்கு மதம்தான் வேர் என்றால் அது அத்தோடு பட்டுப்போயிருக்கவேண்டும். நடந்ததோ நேர்மாறு. பிரஸ்ஸல்ஸை உள்ளடக்கிய டீல் மாவட்டத்தின் பிரெஞ்சு ஆட்சியாளர் தெ பொந்தேகூலான், நகரக் காப்பகத்தில் மனநோயாளிகள் அடைபட்டுக் கிடந்த நிலையைக் கண்டு, 1803-இல் அவர்களைக் கேலுக்கு அனுப்ப உத்தரவிட்டார். நவநாள் இல்லாமலே வீடுகள் நிரம்பின. குணமாக்கும் புனிதை பின்னணிக்குப் போய், தங்கவைக்கும் குடும்பம் முன்னே வந்தது இந்தக் கட்டத்தில்தான். இதன்பின் கேலுக்கு வந்தவர்களில் பலர் குணமாகும் என்ற எதிர்பார்ப்போடு வரவில்லை. வாழ ஓர் இடம் வேண்டும் என்றே வந்தார்கள்.

அடுத்து வந்தவர்கள் மருத்துவர்கள். பிரான்ஸின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எஸ்கிரோல் 1821-இல் கேலுக்கு வந்தார். நோயாளிகள் தெருவில் தாராளமாக நடமாடுவதையும் வயலில் வேலை செய்வதையும் கண்டார். காலில் விலங்கு மாட்டியவர்களையும் கண்டார். மருத்துவ மேற்பார்வை இல்லாதது அவருக்குப் பெருங்குறையாகத் தெரிந்தது. பெல்ஜியத்தின் சொந்த மனநல முன்னோடியான கென்ட் நகரத்து யோசெப் கிஸ்லேனும் கேலைக் குறைகூறியவரே. கற்றறியாத உழவர்களிடம் நோயாளிகளை விட்டுவைப்பது அவருக்கு உடன்பாடில்லை. மாறாக, 1842-இல் வந்த மொரோ தெ தூர் என்ற பிரெஞ்சு மருத்துவர் கேலை மனமாரப் புகழ்ந்தார்.

அந்த நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் மனநோயாளிகளுக்கான மாபெரும் காப்பகங்கள் எழுந்துகொண்டிருந்தன. உயர்ந்த மதில், நீண்ட கூடம், வரிசைக் கட்டில், மணி அடித்தால் சாப்பாடு. தனிமைப்படுத்தலே சிகிச்சை என்பது அக்காலத்து அறிவியல். இந்தச் சூழலில் கேல் ஒரு தொந்தரவான கேள்வியாக இருந்தது. மதிலே இல்லாத ஓர் ஊரில் இவர்கள் வாழ முடியுமானால், அத்தனை செலவில் மதில்கள் எதற்கு? மருத்துவ இதழ்களில் "கேல் கேள்வி" என்ற பெயரிலேயே பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. ஆதரித்தவர்கள் எல்லாரும் மனிதநேயத்துக்காகவே ஆதரித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டடம் கட்டுவதைவிட உழவர் வீட்டுக்குப் பணம் கொடுப்பது மலிவு என்ற கணக்கும் பலருடைய வாதத்தில் ஒளிந்திருந்தது.

1850-இல் பெல்ஜியம் தன் முதல் மனநோயாளர் சட்டத்தை இயற்றியது. கேல் அரசு மேற்பார்வையிலான குடியேற்றமாக மாறியது. முதல் மருத்துவத் தலைவரான பரிகோ, 1852-இல் கேலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். திறந்த வெளிக் காற்றும் குடும்ப வாழ்க்கையுமே பித்துக்கு இயற்கை மருந்து என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த புல்கென்ஸ் காலத்தில், 1862-இல், ஒரு சிறிய மருத்துவமனை திறக்கப்பட்டது. புதிதாக வருபவரை முதலில் அங்கே வைத்துக் கவனித்து, அவருக்குப் பொருத்தமான குடும்பத்தைத் தேர்ந்து பிறகு அனுப்பினார்கள். வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால் அவர் மருத்துவமனைக்குத் திரும்பி வரலாம். ஊரைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தினார்கள். பின்னாளில் ஆங்காங்கே குளியல் இல்லங்கள் கட்டினார்கள். தங்கியிருப்பவர்கள் அங்கே முறைப்படி வந்து குளிக்கவேண்டும். குளிக்கும்போது உடம்பில் காயமோ, மெலிவோ, அடித்த தழும்போ இருக்கிறதா என்று செவிலியர் பார்த்துவிடுவார். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் நடப்பதை அறிய இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

1902-இல் ஆன்ட்வெர்ப் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, குடும்பப் பராமரிப்பை முன்மாதிரியாக ஏற்றுக்கொண்டது. நூறாண்டு வாதத்தில் கேல் வென்றது என்று சொல்லலாம். ஆனாலும் உலகம் மதில்களைத்தான் தொடர்ந்து கட்டியது.

வீட்டுக்குள்ளே

ஒரு குடும்பம் தங்கவைப்பவருக்கு முதலில் தரவேண்டியது தனி அறை. உணவு, துணி துவைத்தல், குடும்ப விழாக்களில் இடம் ஆகியவை அடுத்து வரும். பெரும்பாலும் உழவர் குடும்பங்கள் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. ஆண்கள் மாட்டைப் பார்ப்பார்கள், உருளைக்கிழங்கு தோண்டுவார்கள். பெண்கள் சமையலறையில் உதவுவார்கள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வேலை கட்டாயமில்லை என்பது விதி. ஆனால் உழவர் வீட்டில் எல்லாரும் வேலை செய்யும்போது ஒருவர் மட்டும் சும்மா இருப்பது எளிதல்ல என்பதும் உண்மை. மலிவான கூலியாள் கிடைத்தார் என்று சொல்வோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இக்குற்றச்சாட்டை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் மதிலுக்குள் இருந்தவருக்கு அந்த வேலைகூடக் கிடையாது. விடிந்தால் மாடு கத்தும், தன்னை எதிர்பார்க்கும் என்பது ஒரு மனிதருக்குச் சிறிய விஷயமல்ல.

குடும்பத்துக்குத் தங்கியிருப்பவரின் நோயின் பெயரைச் சொல்லுவதில்லை. இரவில் தூங்கமாட்டார், கூட்டத்தைக் கண்டால் பதறுவார், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று வாழ்வதற்குத் தேவையானவற்றை மட்டுமே சொல்லுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொறுப்பற்றதாகத் தோன்றலாம். பெயர் தெரியாததால், குடும்பம் அவரைப் பெயருக்குள் அடைக்காமல் ஆளாகப் பழகிக்கொள்கிறது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். சுவரில் சிங்கம் தெரிகிறது என்று அவர் பயந்தால், சிங்கம் இல்லை என்று வாதாடவும் வேண்டாம், இருக்கிறது என்று சொல்லவும் வேண்டாம். பேச்சை மாற்றி அவரை வாசலுக்கு அழைத்துச் செல்வார்கள். பாட்டி அப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ந்த பேத்தி, தானும் அப்படியே செய்வாள். கேல் மக்களின் திறமையில் பெரும்பகுதி இப்படிப் பள்ளிக்கூடம் இல்லாமல் கைமாறியதே.

மனநோயாளிகளின் ஊர் என்றே கேல் அறியப்பட்டாலும், தங்கியிருப்பவர்களில் பெரும் பங்கினர் அறிவுசார் குறைபாடு உடையவர்கள். 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். அவர்களுக்குக் குணமாவது என்பதே பொருந்தாத சொல். அவர்களுக்கு வேண்டியது நாள்தோறும் யாரோ ஒருவர் கூட இருப்பது. மருத்துவமனை நாட்களைக் கணக்கிடும், வீடு ஆண்டுகளைக் கணக்கிடும். ஒரே குடும்பத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் உண்டு. இளமையில் வந்து, வீட்டுத் தலைவியின் குழந்தைகளோடு விளையாடி, அவள் இறந்தபின் அவளுடைய மகள் வீட்டுக்கு, வீட்டுப் பொருள்களோடு ஒரு சொத்துபோல அல்ல, ஒரு சித்தப்பாபோலப் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். லூவன் பல்கலைக்கழக மானிடவியலாளர் யூஜீன் ரோசன்ஸ் கேலை நெடுங்காலம் ஆய்ந்து 1979-இல் ஒரு நூல் எழுதினார். தங்கியிருப்பவர்கள் ஊரில் எங்கும் போகலாம், மதுக்கடையில் உட்காரலாம், ஊர்வலத்தில் நடக்கலாம். ஆனால் ஊர்க்காரர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது என்பதை அவருடைய எழுத்து மறைக்கவில்லை. பாசம் இருந்தது, சமத்துவம் குறைவாக இருந்தது. வயதில் மூத்தவரையும் குழந்தையாகவே நடத்தும் போக்கு இருந்தது. அண்டை ஊர்க்காரர்கள் கேலைப் பற்றிச் சொல்லும் ஒரு பழைய கேலி உண்டு: ஊரில் பாதிப் பேர் பைத்தியம், மீதிப் பேர் பாதிப் பைத்தியம். ஊரார் இந்தக் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு அந்தக் கேலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேலின் பிள்ளைகள்

கேலைப் பார்த்து மற்ற நாடுகளும் முயன்றன. பெல்ஜியத்திலேயே பிரெஞ்சு மொழி பேசும் பகுதியில் லியர்னோ என்னும் ஊர் 1884-இல் இந்த முறையைத் தொடங்கியது. 1885-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் மனநோயாளிகளைக் குடும்பங்களில் வைக்கச் சட்டம் செய்தது. ஸ்காட்லாந்தில் 1857-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், அரசுக் கணக்கிலிருந்த ஏழை மனநோயாளிகளில் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சிற்றூர் வீடுகளில் வாழ்ந்தார்கள். அவர்களில் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் கணிசமாக இருந்தனர். அங்கே இது பெரும்பாலும் வறிய குடியானவர்களுக்குக் கைச்செலவுக்கான வருமானமாக அமைந்தது.

ஜப்பானின் கியோத்தோ நகருக்கு வடக்கே உள்ள இவாகுரா, கேலைப் பார்த்துத் தொடங்கியது அல்ல. தானாகவே முளைத்தது. பதினோராம் நூற்றாண்டில் ஒரு பேரரசரின் மகளுக்கு வந்த சித்தக் கலக்கம் தையுன்ஜி கோயிலின் கிணற்று நீரால் தீர்ந்தது என்பது கதை. அதை நம்பி வந்தவர்கள் கோயிலைச் சுற்றியிருந்த தேநீர்க் கடைகளிலும் உழவர் வீடுகளிலும் தங்கினார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களும் ஒரே வழியில் நடந்தது வியப்புக்குரியது.

மிக முக்கியமான பாடம் பிரான்ஸிலிருந்து கிடைத்தது. பாரிஸ் காப்பகங்களின் நெரிசலைக் குறைக்க 1892-இல் துன்-சுர்-ஓரோனிலும், 1900-இல் எனே-லெ-ஷாத்தோவிலும் குடும்பக் குடியேற்றங்கள் தொடங்கப்பட்டன. கேலில் வழக்கம் முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் முதலில் வந்தது. எழுபது, எண்பது ஆண்டு கழித்து சமூக உளவியலாளர் தெனீஸ் ஜோதலே இந்த எனே-லெ-ஷாத்தோவில் ஆய்வு செய்தார். 1989-இல் வெளியான அவருடைய நூலில் வரும் ஒரு விவரம் மறக்க முடியாதது. மனநோய் தொற்றாது என்று எல்லாக் குடும்பங்களும் சொல்லின. ஆனால் பல வீடுகளில், தங்கியிருப்பவரின் தட்டையும் கோப்பையையும் தனியாகக் கழுவினார்கள், துணியையும் தனியாகத் துவைத்தார்கள். வாயால் சொன்னது வேறு, கை செய்தது வேறு. தனி டம்ளர் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த நம் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அதே 1989-ஆம் ஆண்டு ஜூலையில், பிரான்ஸ் முதியோரையும் வயதுவந்த மாற்றுத்திறனாளிகளையும் ஊதியம் பெற்றுக் குடும்பங்கள் ஏற்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. குடும்பம் முன் அனுமதி பெறவேண்டும், எழுத்து ஒப்பந்தம் இருக்கவேண்டும், ஊதியம் வரையறுக்கப்பட வேண்டும், அதிகாரிகள் வந்து பார்க்கவேண்டும். பிரிட்டனில் 'ஷேர்ட் லைவ்ஸ்' என்ற பெயரில் நடக்கும் திட்டத்தின் பயனாளிகளில் பெரும்பாலோர் அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்கள். ஊதியம் வாங்கினால் அது பாசமாகுமா என்ற கேள்வி இங்கெல்லாம் திரும்பத் திரும்ப எழுகிறது. கேலில் பணம் முதல் நாளிலிருந்தே வெளிப்படையாக இருந்தது. அது பாசத்தைக் கெடுத்ததாக வரலாறு காட்டவில்லை. கொடுத்த பணம் பெருஞ்செல்வமாக இருந்திருந்தால் கெடுத்திருக்கலாம். ஒருவரை வைத்துக்கொள்ளும் செலவுக்கு ஈடாக, அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்ததால், பணத்துக்காக மட்டும் யாரும் இதைத் தொடர்ந்திருக்க மாட்டார்கள்.

குறைந்துவரும் எண்ணிக்கை

கேலில் தங்கியவர்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1938-இல். அவ்வாண்டு 3,736 பேர் ஊர் வீடுகளில் இருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான், எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில், ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் நாட்டுக்குச் சுமை என்று சொல்லிக் கொல்லும் திட்டத்துக்கு ஹிட்லர் கையெழுத்திட்டார். 1941 ஆகஸ்டுக்குள் நச்சுவாயு அறைகளில் 70,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பெரிய காப்பகங்களிலிருந்து பட்டியல் போட்டு, பேருந்துகளில் ஏற்றி அழைத்துச் சென்றார்கள். ஒரே இடத்தில் அடைத்து வைக்கப்பட்ட மக்களை ஒரே பட்டியலில் எடுப்பது எவ்வளவு எளிது என்பதை அது காட்டியது.

போருக்குப் பிறகு கேலின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. 1950-களில் மனநோய்க்குப் புதிய மருந்துகள் வந்தன. நோயாளிகள் சொந்த வீட்டிலேயே இருக்க முடிந்தது. பின்னர் சிறு குழு இல்லங்களும் உதவியுடன் தனியே வாழும் வீடுகளும் வந்தன. இவை நல்ல காரணங்கள். மறுபுறம், உழவு இயந்திரமயமாகி, பண்ணைகள் குறைந்தன. பெண்கள் வெளி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இந்தப் பராமரிப்பின் பெரும் பாரத்தைச் சுமந்தது வீட்டிலிருந்த பெண்தான் என்பதை, அவள் வெளியே போன பிறகுதான் பலர் கவனித்தார்கள். ஆறு நூற்றாண்டு வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. சோறு போட்டவளின் பெயர் எங்கும் இல்லை.

1966 முதல் 1975 வரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோ ஸ்ரோல் தலைமையில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. வழக்கம் அழிவதற்குள் பதிவு செய்துவிடவேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது. வழக்கம் அப்போது அழியவில்லை. 1991-இல் நிர்வாகம் மத்திய அரசிடமிருந்து பிளெமிய அரசுக்கு மாறி, மருத்துவமனையும் குடும்பப் பராமரிப்பும் ஒரே நிறுவனமாயின. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கியவர்கள் சுமார் 500 பேர். அண்மை ஆண்டுகளில் அது 200-க்கும் கீழே இறங்கிவிட்டது.

2023-இல் யுனெஸ்கோ, கேலின் குடும்பப் பராமரிப்பை மரபுப் பாதுகாப்பின் சிறந்த நடைமுறைகளுக்கான தன் பதிவேட்டில் சேர்த்தது. மருத்துவமனை இன்றும் புதிய குடும்பங்களைத் தேடுகிறது. இப்போது முன்வருபவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் அரிது. வீட்டில் எல்லாரும் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவதால், தங்கியிருப்பவர் பகலில் மருத்துவமனையின் தொழிற்கூடத்துக்கோ பகல்நேர மையத்துக்கோ போய்விட்டு, மாலையில் மற்றவர்களைப் போலவே வீடு திரும்புகிறார்.